பத்தொன்பது பேர்

"கோபமெல்லாம் தணிஞ்சுதா தம்பி?" என்று கேட்டபடி டாக்டர் அந்தக் கல்லூரி அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தணிஞ்சுது டாக்டர்." புள்ளியியல் விரிவுரையாளன் சமாதான மனுவை அவர் பக்கம் நகர்த்தினான். பக்கத்தில் ஒரு பேப்பர் கப்பில் டீ வைத்தான்.

குழந்தை வேண்டும் என்று அவன் மனைவி போனது இவருடைய மருத்துவமனைக்குத்தான். காலையில் நடந்து உள்ளே போனவளின் கைப்பையும் செருப்பும் மட்டும் மாலையில் அவன் கைக்கு வந்தன. அவள் சாவை விசாரித்த குழுவில் மூன்று பேர். மூவரும் டாக்டரின் வகுப்புத் தோழர்கள். வழக்குப் போட்டு இரண்டு வருடம் அலைந்தும் அவர் மேல் ஒரு கீறல் விழவில்லை.

டாக்டர் மனுவை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். உள்பக்கமாக வளைந்த சுண்டுவிரல் காகிதத்தின் மேல் கொக்கி மாதிரி ஊர்ந்தது.

"பெரிய மனசு உங்களுக்கு. சின்ன வயசு, இன்னொரு கல்யாணம் பண்ணிக்குங்க. குழந்தை தாமதமானா நம்மகிட்டயே வாங்க." அவரே சிரித்துக்கொண்டார்.

"டீ ஆறிடும், குடிங்க."

வராந்தாவில் பேச்சுச் சத்தம் கேட்டது. "என்ன கூட்டம்?" என்றார், ஒரு வாய் உறிஞ்சிவிட்டு.

"என் ஆராய்ச்சிக்கு வந்த பசங்க. பரம்பரையா வர்ற அடையாளங்களைக் கணக்கெடுக்கிறேன். மோவாய்ல பள்ளம், கன்னத்தோட ஒட்டின காதுமடல், வளைஞ்ச சுண்டுவிரல்."

டாக்டரின் வலது கை மேஜைக்கு அடியில் போனது. "ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கணும்னு இல்லையே?"

"இல்லைதான். அறுநூறு பேர்ல மூணும் சேர்ந்து ரெண்டு பேருக்கு இருந்தாலே அதிகம். பத்தொன்பது பேருக்கு இருக்கு."

"எங்கயாவது கூட்டல் தப்பாயிருக்கும்."

"நாலு தடவை சரிபார்த்துட்டேன். அப்புறம் அவங்களை வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னேன். பத்தொன்பது பேரோட அம்மாவும் ஒரே ஆஸ்பத்திரியில குழந்தைக்காக வைத்தியம் பார்த்தவங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று டாக்டர் கேட்கவில்லை. மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"நீங்க இன்னும் கையெழுத்துப் போடலையே தம்பி."

அவன் மனுவை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். கையுறை மாட்டிக்கொண்டு காலி கப்பை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கி வாயை ஒட்டினான். மரபணுப் பரிசோதனைக் கூடத்தின் முகவரி உறையின் மேல் ஏற்கெனவே எழுதியிருந்தது.

பிறகு போய்க் கதவைத் திறந்தான்.

"உள்ள வாங்க பசங்களா, உங்க அப்பா டீ குடிச்சு முடிச்சுட்டார்."