நூற்றில் ஏழு போனால்

நூற்றிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு என்று டாக்டர் கேட்டது அதசியை.

பதில் சொன்னது அவள் கணவர் நிருபம்.

“தொண்ணூத்தி மூணு. ஏழைப் போய்க் கழிக்கவே கூடாது டாக்டர், அது வம்பு பிடிச்ச எண். பத்தைத் தூக்கிட்டு மூணைத் திருப்பிக் கொடுத்துடணும். தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது...”

ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டேதான் சொன்னார்.

டாக்டர் லாஹிரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வயதானவர்களைக் காக்கு, காக்கிமா, அதாவது சித்தப்பா, சித்தி என்றுதான் அழைப்பாள்.

“காக்கு, நீங்க பாஸ். நான் கேட்டது காக்கிமாவை.”

“ஆமாமா, அவளைத்தான் கேக்கணும். கேளுங்க, கேளுங்க.”

அதசி மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கேள்வி பக்கத்து அறையில் யாரிடமோ கேட்கப்பட்டது போல இருந்தது அவள் முகம்.

டாக்டர் மறுபடி கேட்டாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

மின்விசிறி சுற்றியது. கீழே கரியாஹாட் முனையில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.

போன வாரம் மினிபஸ்ஸில் ஏறிய அதசி, கடைசி நிறுத்தம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். வீடு எங்கே என்று கேட்ட கண்டக்டரிடம், பிறந்த வீட்டு விலாசத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டை இடித்து எத்தனையோ வருஷமாயிற்று.

நிருபம் அதை இன்னும் டாக்டரிடம் சொல்லவில்லை. முதலில் இவள் நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிடட்டும். சொல்லிவிட்டால், அதைச் சொல்லாமலே எழுந்து போய்விடலாம்.

அதசி மறுபடி பையின் கொக்கியைத் திறந்தாள். அவரால் பொறுக்க முடியவில்லை.

“கழித்தல் எதுக்கு டாக்டர்? ஒன்பதாம் வாய்ப்பாடு கேளுங்களேன்.”

பாய்ந்து வந்து, அதசியின் இரண்டு கைகளையும் எடுத்து மேஜைமேல் குப்புற விரித்து வைத்தார். இடது சுண்டுவிரலில் தொடங்கி எண்ணி, ஏழாவதாக வந்த வலது ஆள்காட்டி விரலை மடக்கினார்.

“ஒன்பதேழு எவ்வளவு? இந்தப் பக்கம் ஆறு விரல், அந்தப் பக்கம் மூணு. அறுபத்தி மூணு! மனுஷனுக்குப் பத்து விரல் முளைச்சதே இதுக்குத்தான்.”

மடங்கிய விரலை அதசி குனிந்து பார்த்தாள். அது யாருடையது என்று யோசிப்பவள் போல.

“சரி, கணக்கு வேண்டாம்” என்றாள் டாக்டர். “ஒரு வார்த்தை சொல்றேன் காக்கிமா. கடைசி எழுத்திலேர்ந்து திருப்பிச் சொல்லுங்க. சர்பத்.”

அதசி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

“சர்பத் வேண்டாமே டாக்டர்” என்றார் நிருபம். “‘ஜலஜ’ கொடுங்க. இல்லேன்னா ‘கனக’. முன்னாலேர்ந்து வந்தாலும் ஜலஜ, பின்னாலேர்ந்து வந்தாலும் ஜலஜ. யாரும் தப்பே பண்ண முடியாது.”

இந்தத் தடவை டாக்டர் சிரிக்கவில்லை.

“காக்கு, கொஞ்சம் உட்காருங்க.”

“நியூட்டன் விதிம்மா இது. ஓடுறது ஓடிக்கிட்டேதான் இருக்கும். உட்கார்ந்தது உட்கார்ந்தே இருக்கும்கிற பாதியை மட்டும் என் மச்சினனைப் பார்த்து எழுதியிருக்கணும்.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். தன் தம்பியைக் கேலி செய்தால் எப்போதும் சண்டைக்கு வருகிற அதசி, சும்மா இருந்தாள்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“எண்பத்தஞ்சை எண்பத்தஞ்சால பெருக்கச் சொல்லுங்க” என்றார் அவசரமாக. “எட்டு, அதுக்கு அடுத்தது ஒன்பது. எட்டொன்பது எழுபத்திரண்டு. பின்னாடி இருபத்தஞ்சை ஒட்ட வச்சுடணும். ஏழாயிரத்து இருநூத்தி இருபத்தஞ்சு. அஞ்சுல முடியற எதுவா இருந்தாலும் இப்படித்தான், வேற எதை வேணும்னாலும் கேளுங்க, பதினொண்ணாம் வாய்ப்பாடு கேளுங்க...”

மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். மெல்லக் கேட்டாள்: “எந்தக் காலேஜ்ல கணக்குப் பேராசிரியரா இருந்தீங்க காக்கு?”

நிருபம் நடப்பதை நிறுத்தினார்.

“நானா? நான் ஃபுட்பால் ரெஃப்ரி. மைதானத்துல விசில் ஊதிக்கிட்டு ஓடினவன். பள்ளிக்கூடத்துல கணக்குல ரெண்டு தடவை ஃபெயில்.”

“அப்போ இதெல்லாம்?”

“இவதான் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகிற வரைக்கும் பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல.” மனைவியைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சாப்பிடும்போது, மீன் முள்ளு எடுக்கும்போதெல்லாம் ஒண்ணொண்ணா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எல்லாம் இவ தலையில இருந்ததுதான் டாக்டர். இப்ப என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். இவ மார்க்ல இதையும் சேர்த்துக்க முடியாதா?”

டாக்டர் எதிரே இருந்த மதிப்பெண் தாளைப் பார்த்தாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அதசி எழுந்து நின்றிருந்தாள். முதுகு நேராகியிருந்தது. புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, நிருபத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“சரியாச் சொன்னே. உட்காரு.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை ஒருமையில் அழைத்ததே இல்லை.

பிறகு அந்தச் சின்ன அறையை, நாலு பெஞ்சு வரிசையைப் பார்ப்பது போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முறை பார்த்தாள்.

“அடுத்தது யார் சொல்றீங்க?”

டாக்டர் லாஹிரி நிருபத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மெல்லக் கையைத் தூக்கினாள்.