அந்தோணிசாமியின் வில்லை

"இதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? ஒண்ணு வுடாம சொல்லணும், கடைக்காரரே."

ஏட்டு கடையில் இருந்த பெட்டியைக் கல்லா மேஜை மேல் கவிழ்த்தார். போலீஸ்காரர்கள் பெல்ட்டில் குத்திக்கொள்ளும் பழைய பித்தளை வில்லைகள் கலகலவென்று கொட்டின.

அப்பாதுரை அவை உருண்டு கீழே விழாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். விழுப்புரம் கடைத்தெருவில் அவருக்குப் பாத்திரக் கடை. பழைய பித்தளையை எடைக்கு வாங்கிக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்பார். அப்படி வந்த ஓட்டைச் சொம்புகளோடு ஒருநாள் ஒரு வில்லை வந்தது. உருக்க மனசு வரவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். எந்த வில்லை கிடைத்தாலும் அது எந்த ஸ்டேஷன், யார் இடுப்பில் இருந்தது என்று ஊர் ஊராக அலைந்து விசாரிப்பார். மனைவி வெள்ளையம்மாள் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

அது நாற்பத்திரண்டாம் வருஷத்துக் கடைசி. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் எங்கே தந்திக் கம்பி அறுந்தாலும் யாரையாவது பிடித்துக்கொண்டு போன காலம். அந்த நேரம் பார்த்து, புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டு வந்து உட்கார்ந்தால் எப்படியிருக்கும்?

"இது திருவெண்ணெய்நல்லூர்ல ஏர் ஓட்டறப்ப கெடச்சுதுங்க. ஆத்து வெள்ளத்துல போன கான்ஸ்டபிள் ஒருத்தரோடதுன்னு சொன்னாங்க."

"இது?"

"பிரெஞ்சு எழுத்துங்க. புதுச்சேரி போலீசு. வானூர் சந்தையில ஒரு கெழவி சுருக்குப் பைக்குப் பொத்தானா தெச்சி வெச்சிருந்தா."

ஏட்டு எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் கண்ணருகில் கொண்டுபோய் நம்பரைப் பார்த்துவிட்டு ஒதுக்கினார். பல நாள் தூங்காதவர் போல முகம் வாடிக் கிடந்தது.

ஒரு வில்லையில் அவர் கை நின்றது.

"இது யாருது?"

அப்பாதுரைக்கு அது யாருடையது என்று நன்றாகத் தெரியும். அதைக் கொடுத்தவர் அந்தோணிசாமி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கள்ளுக்கடை மறியலில் பெண்களை அடிக்கச் சொன்னபோது, தடியைக் கீழே போட்டுவிட்டு நடையைக் கட்டிய கான்ஸ்டபிள். வேலை போயிற்று. இப்போது திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் கடலைச் சாக்கு தைக்கிறார். குடும்பத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஆனால் ஒன்று மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்: "என்னைக் கேட்டுக்கினு எந்தப் போலீசு வந்தாலும் செத்துட்டான்னு சொல்லிடுங்க."

"அந்தோணிசாமின்னு ஒருத்தருங்க. செத்துட்டாருங்க."

"எப்ப?"

"போன வருசம். வாந்திபேதி."

"எங்க பொதச்சாங்க?"

"கிளியனூர்ப் பக்கமுங்க."

"கடைசியில கூட யாராச்சும் இருந்தாங்களா?"

இதென்ன கேள்வி? மடக்கப் பார்க்கிறாரோ?

"யாருமில்லீங்க. நாங்க நாலு பேருதான் தூக்கிக்கினு போய் அடக்கம் பண்ணோம். அவரு மேல எதுனா கேஸு இருந்தா மூடிடுங்க ஏட்டையா. செத்தவரு மேல இன்னா கேஸு?"

ஏட்டு தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வில்லையைச் சட்டை நுனியால் மெல்லத் துடைத்தார்.

"கேஸெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வூட்டை வுட்டுப் போறப்ப இதை மட்டும்தான் எடுத்துக்கினு போனாரு. பசிக்கு எந்தப் பித்தளைக் கடையிலயாச்சும் போட்டிருப்பாருன்னு, மாத்தல் ஆவுற ஊர்லல்லாம் கடை கடையா ஏறி எறங்கிக்கினு இருக்கேன். எல்லாரும் என்னைப் பைத்தியம்னாங்க. இன்னியோட அந்த அலைச்சலும் முடிஞ்சுது."

"ஏட்டையா, நீங்க..."

"'நான் இங்க இருந்தா புள்ளைக்குப் போலீசு வேலை கெடைக்காது'ன்னு எங்கம்மா கிட்ட சொல்லிட்டுப் போனாருங்க. அந்தக் குழி இருக்கற எடத்தைக் கொஞ்சம் காட்டுங்க. எங்கப்பாருக்கு ஒரு சிலுவையாச்சும் நடணும்."

அப்பாதுரை எழுந்து கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"சிலுவையெல்லாம் வேணாம் தம்பி. ஜல்தியா கெளம்பு. இப்ப ரயிலேறினா, பொழுது சாயறதுக்குள்ள திண்டிவனத்துல உங்கப்பாரைப் பாத்துடலாம்."