ஆறு பவுன் கிராமபோன்

கிராமபோனின் பித்தளைக் குழல் மேல் கை வைத்தபடியே நின்றார் பெண்ணின் அப்பா.

எதிரே சோபாவில் மாப்பிள்ளை வீட்டார். மகளைப் பார்த்தாகிவிட்டது. பஜ்ஜியும் முடியப்போகிறது. "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிட்டால் போச்சு.

போன மாதம் வந்தவர்கள் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை.

அதற்காகத்தான் கிராமபோன்.

"எங்க அப்பாரு வாங்குனதுங்க. அன்னிக்கே எம்பது ரூவா."

கூட வந்த அத்தைமார் முகத்தில் எண்பது ரூபாய்க்கு உண்டான மரியாதை தெரிந்தது.

"எம்பது ரூவாய்க்கு அன்னிக்கு ஆறு பவுன் வாங்கலாமுங்க. இன்னிக்குக் கணக்குப் போட்டா..."

நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். மிச்சத்தை அவர்களே போடட்டும்.

போட்டார்கள். அத்தைமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவருடைய அப்பாரு ஆயுளில் வாங்கிய ஒரே வாத்தியம், எருமைக் கழுத்துக்கு ஒரு மணி.

எண்பது ரூபாயும் ஆறு பவுனும் உக்கடத்தில் பழைய சாமான் கடைக்காரர் போன வாரம் சொல்லிக்கொடுத்த பாடம். பெட்டி வாங்கினால் அப்பாரு இலவசம்.

குரலைக் கனைத்துக்கொண்டார்.

"மாட்டு வண்டியில கொண்டாந்து எறக்குனப்ப..."

"ஊரே பின்னால வந்துச்சாக்கும்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பஜ்ஜித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மணியகாரரு செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நின்னு பாட்டுக் கேட்டாராக்கும்."

கதையில் செருப்பு வரைக்கும் இவர் இன்னும் வரவே இல்லை.

குழலின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எங்க அப்பாரு வாங்குனப்பவும் அதே கூட்டந்தானுங்க வந்துச்சு," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அத்தைமார் பெருமையாகத் தலையாட்டினார்கள். இரண்டு பக்கமும் பழைய குடும்பம்.

உள்ளே கதவிடுக்கில் மகளின் வளையல் சத்தம்.

வாசலில் எல்லோரும் செருப்பு மாட்டினார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா அவர் தோளில் கை போட்டு, செம்பருத்திச் செடி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நெசமாச் சொல்லுங்க. எவ்வளவுக்குப் படிஞ்சுது?"

மறைக்க இனி என்ன இருக்கிறது.

"எட்டாயிரம்."

"எட்டா!"

மனிதர் செடியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட அந்த உக்கடத்துக்காரன் பதிமூணு புடுங்கிட்டானுங்க."

அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

கார் கிளம்பியது. நாலடி போய் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"கூறைச்சேலை எடுக்க நீங்களும் கூட வந்துருங்க, சம்பந்தி. கடையில நான் வாயே தெறக்கமாட்டன்."