கல்லு மாதிரி இதயம்

புது மனைவியை அணைத்தபடி மருந்துக்கடைக்கு வந்தவர், முகக்கவசம் போட்டிருந்த கடைக்காரியிடம் குனிந்து, "வீரிய மாத்திரை ஒரு அட்டை குடும்மா" என்றார்.

அவள் கட்டைக் குரலில் கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். "நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறீங்களா சார்? ரெண்டும் சேர்ந்தா பிரஷர் இறங்கி ஆளே போயிருவீங்க."

"எனக்கா? இதயம் கல்லு மாதிரி இருக்கு!"

"அப்ப சட்டைக்கு உள்பக்கம் தச்ச பையில இருக்கிற குப்பி?"

புது மனைவி சட்டென்று அவர் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். குப்பி வந்தது.

அவர் வெளிறிப்போனார். "உனக்கெப்படித் தெரியும்?"

முகக்கவசத்தை இறக்கினாள், அவர் விரட்டிவிட்ட முதல் மனைவி.

"அந்தப் பையைத் தச்சதே நான்தானே! நான் பேசாம நீங்க கேட்ட மாத்திரையைக் குடுத்திருந்தா நிம்மதியா போய்ச் சேர்ந்திருப்பீங்க. அவ்வளவு லேசுல விட்டுருவேனா? நூறு வயசு இருங்க, அந்த மாத்திரை இல்லாம!"