நிமிடத்துக்கு எழுபது

“பாருங்கண்ணா, ஒரு துடிப்பாவது தவறுதா? இவ்வளவு ஒழுங்கு தானா வருமா? கடவுள் இருக்காருண்ணா!”

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே மூன்று நாளாக நின்றிருந்த என் தங்கை, உள்ளே மானிட்டரில் ஓடிய பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடிருந்தாள். படுக்கையில் நினைவில்லாமல் அவள் கணவர்.

ரிட்டயரான நாளிலிருந்து கடவுளோடு சண்டை போடுவதையே முழுநேர உத்தியோகமாக வைத்திருக்கும் நான்கூட, “சரிம்மா, இருந்துட்டுப் போகட்டும்” என்று சமாதானத்துக்கு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய? நிமிடத்துக்கு எழுபது; அச்சடித்த மாதிரி எழுபது.

திடீரென்று கோடு குழம்பியது. ஒரு துடிப்பு முந்தியது. அடுத்தது கோணலாக எகிறியது.

“ஐயோ, தப்புதே! போச்சேண்ணா!”

அவள் போட்ட அலறலில் மருத்துவமனை அஸ்திவாரமே நாலடி நகர்ந்திருக்கும். நானோ உலகத்தில் உள்ள சாமிகளில் ஒன்றுவிடாமல் கூப்பிட்டு முடித்திருந்தேன்.

நர்ஸ் ஓடி வந்தார். மானிட்டரைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லானது.

“அழாதீங்கம்மா! மூணு நாளா ஒழுங்காத் துடிக்க வெச்சது நாங்க மாட்டின மெஷின். இப்பத் தாறுமாறா ஓடுதே, இதுதான் உங்க வீட்டுக்காரரோட சொந்தத் துடிப்பு!”