ஏழாவது பீஸ்

பதினொன்று பத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். வரச் சொன்னது ஒன்பதரைக்கு.

அறைக் கதவைத் தள்ளும் முன் அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

உள்ளே ஏ.சி. அதற்கு நேர் கீழே கால்மேல் கால் போட்டு ஒருவன். கழுத்தில் தொங்கிய அட்டையில் கௌசிக், மேனேஜர் என்றிருந்தது. முளைப்பதா வேண்டாமா என்று அவன் மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.

"உக்காருங்க மேடம்."

மேடம். நல்லது.

தலைச்சாயம் வீண்போகவில்லை. சுடிதாரும். அது லைன் வீட்டில் அடுத்த கதவுப் பெண்ணிடம் வாங்கிய இரவல். ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாகப் போட்டிருக்கிறாள். அக்குளில் பிடித்தது. காலையில் கண்ணாடி முன் நின்றபோது, தலையணைக்கு உறை மாட்டியதுபோல் இருந்தது. துப்பலாம் என்று தோன்றியது.

துப்பவில்லை.

அவன் விண்ணப்பத்தைப் புரட்டினான். ஒரே தாள். அதையும் புரட்டினான்.

பிறந்த தேதி அதில் இல்லை. பத்தாவது முடித்த வருடமும் இல்லை. பிரவுசிங் சென்டர்க்காரி இரண்டையும் எடுத்துவிட்டாள். "நாப்பதுக்கு மேலன்னா படிக்கவே மாட்டாங்கக்கா. கேட்டாப் பாத்துக்கலாம்."

கம்பெனி வாசல் பலகையிலும் அதேதான். பனியன், டி-சர்ட் செக்கிங்குக்கு சூப்பர்வைசர் தேவை. வயது நாற்பதுக்குள்.

பால் பாக்கெட்டில் தேதி அடிப்பதுபோல.

"எத்தன வருசம் எக்ஸ்பீரியன்ஸ் மேடம்?"

"பன்னண்டுங்க."

உண்மையில் முப்பது. மீதிப் பதினெட்டை விழுங்கினாள். புருஷன் செத்த வருடம் அதில் போயிற்று. கைக்குழந்தையைத் துணி மூட்டைமேல் படுக்கவைத்துவிட்டு வேலை பார்த்த வருடமும்.

அந்தக் குழந்தை இப்போது சென்னையில் இருக்கிறான். அவளுக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால், கூட்டிப்போக ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டு வருகிறான். அவன் மகனைப் பார்த்துக்கொண்ட ஆயா நின்றுவிட்டாள்.

"இங்க வந்து சும்மா இரும்மா" என்றான் போனில்.

சும்மா.

ஐந்து மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும். ஏழுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். பள்ளி, சோறு, துணி. சாயங்காலம் வருகிறவர்களிடம், "அத்தைய நாங்கதான் வெச்சிருக்கோம்" என்று மருமகள் சொல்வதை அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கௌசிக் ஒரு கட்டு டி-சர்ட்டை அவள் பக்கம் தள்ளினான். இருபது பீஸ்.

"இதுல டேமேஜ் எடுங்க மேடம். எத்தனன்னு என்கிட்ட லிஸ்ட் இருக்கு."

போனில் நேரத்தை ஓடவிட்டான். ஓட்டப் பந்தயம்.

கண்ணாடி இல்லாமல் தையல் மங்கலான கோடாகத்தான் தெரிந்தது. துணியைத் தள்ளிப் பிடித்தால் தெரியும். தள்ளிப் பிடித்தால் வயதும் தெரியும்.

கையை உள்ளே விட்டு, துணியை விரித்து, விரலால் பார்த்தாள்.

விட்டுப்போன தையல். ஒரு கை மற்றதைவிட விரற்கடை நீளம். எண்ணெய்க் கறை மட்டும் தானாகக் கண்ணில் பட்டது.

ஏழு பீஸ் தனியே போயின.

அவன் போனைப் பார்த்தான். "ஆறுதான் மேடம்."

ஏழாவதை எடுத்தான். திருப்பினான். உதறினான். விட்டால் முகர்ந்தும் பார்ப்பான் போலிருந்தது.

"இது நல்ல பீஸ்தான்."

நல்ல கட்டின்மேல் வைக்கப் போனான். இவனுக்கு மாதச் சம்பளம். ஏ.சி. வேறு.

"அத அதுல வெக்காத கண்ணு."

அவள் கை அவன் கையைத் தட்டிவிட்டு பீஸைப் பிடுங்கியது.

"கழுத்துப் பட்டிக்குக் கீழ பாரு, ஊசி ஓட்டை. ஒருக்காத் தொவச்சா வெரலே உள்ள போகும். வாங்குனவன் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிருவான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

கண்ணு.

நாற்பதுக்குள் இருக்கிற எவளும் அவனைக் கண்ணு என்று கூப்பிடமாட்டாள். சார் என்பாள். நான்தான் தப்பா எடுத்துட்டேன் சார், ஆறுதான், என்று சிரிப்பாள்.

கௌசிக் பட்டிக்குக் கீழே துணியை இழுத்தான். ஓட்டை வாயைத் திறந்தது.

"ஆமாங்க" என்றான்.

பிறகு அவளைப் பார்த்தான். வகிட்டை. காதோரத்தை. கழுத்தை. துணியில் ஓட்டை பார்க்கத் தெரியாதவன், இதை மட்டும் அவசரப்படாமல் ஒழுங்காகச் செய்தான்.

மேலே கிடந்த கால் கீழே இறங்கியது.

மரியாதை வந்துவிட்டது. வேறொன்றும் வராது.

அவன் எழுந்தான். ஏ.சி.யைக் குறைத்தான். தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"ஏழும் கரெக்ட்டுங்க. இதுவரைக்கும் வந்தவங்க யாரும் அத எடுக்கலீங்க."

அவள் பாட்டிலைத் தொடவில்லை.

"அப்ப நாளைக்கே வந்தர்றனுங்க. எத்தன மணிக்கு?"

அவன் விண்ணப்பத்தை இரண்டாக மடித்தான். பிறகு நான்காக.

"எங்கம்மாளும் உங்களாட்டத்தானுங்க. உங்களப் போயி நான் எப்படீங்கம்மா வேலை வாங்கறது?"