குறைக்க வேண்டிய சத்தம்

"இதுவா பாருங்க" என்று ஸ்ரவந்தி ஒரு பொத்தானைத் தட்டினாள். மேசை மேலிருந்த ஒலிபெருக்கியில் குக்கர் விசில் அடித்தது.

ஓதேலு இல்லையென்று தலையசைத்தார்.

மிக்ஸி. ஆட்டோ ஹாரன். குயில். எதுவும் இல்லை.

"கேக்கலைன்னுதான் எல்லாரும் இங்க வருவாங்க, பெத்தய்யா. கேக்குதேன்னு வந்திருக்கற மொத ஆளு நீங்கதான்."

அவர் சிரிக்க முயன்றார்.

சிரிசில்லாவில் விசைத்தறிகளுக்கு நடுவே நின்று நின்று போன காது அது. இளவயதிலேயே போய்விட்டது. போன மாதம்தான் கரீம்நகருக்கு வந்து, இதே ஸ்ரவந்தியிடம் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியை வாங்கிப் போனார். பேச்சுக் கேட்பதற்காக அல்ல. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வது தறிக்காரர்களுக்குப் பழக்கம்தான். அவர் வாங்கியது தாழ்ப்பாள் சத்தத்துக்காக.

மனைவி நர்சவ்வாவுக்கு மறதி நோய். ஒரு விடியற்காலையில் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் படுத்திருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றவளை யாரோ அடையாளம் கண்டு கூட்டி வந்தார்கள்.

இப்போது தாழ்ப்பாள் கேட்கிறது. கூடவே இன்னொன்றும் கேட்கிறது.

"கூர்மையா இருக்கும்மா. விளக்கு வெக்கற நேரத்துக்கு வரும். அத மட்டும் கொறச்சுக் குடு."

"தெருவுலேர்ந்து வருதா, வீட்டுக்குள்ளயா?"

தனியாக விட்டுவர முடியாமல் கூட்டி வந்திருந்த நர்சவ்வா, ஜன்னலோர நாற்காலியில் மடிமேல் பையை வைத்து அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓதேலு அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்.

அவர்கள் வந்த பஸ் தாமதமாகிவிட்டிருந்தது. கீழே கடைகளில் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டார்கள்.

நர்சவ்வா எழுந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சீனூ! எங்கடா சுத்தற? இருட்டிப்போச்சு பாரு, சாப்பிட வாடா!"

ஓதேலுவின் கை காதுக்குப் பறந்தது. ஸ்ரவந்தியின் கணினித் திரையில் பச்சைக் கோடு எகிறிக் குதித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இருவர் முகத்தையும் பார்க்காமல் மௌஸை நகர்த்தி, கோட்டின் ஒரு பகுதியைக் கீழே இறக்கினாள்.

நர்சவ்வா மறுபடி கூப்பிட்டாள். அவருக்கு அது நாலு வீடு தள்ளி யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. ஓதேலுவின் தோள்கள் தளர்ந்தன.

ஸ்ரவந்தி, தன் உதடு தெரியும்படி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன், பெத்தய்யா. அவங்க குரலும் தாழ்ப்பாளும் கிட்டத்தட்ட ஒரே எடத்துலதான் வருது. இதக் கொறச்சா அதுவும் கொறஞ்சிடும். அவங்க வெளிய போனா உங்களுக்குத் தெரியாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நர்சவ்வாவைப் பார்த்தார்.

"பழையபடியே வெச்சிடு."

கோடு மேலே ஏறியது. குரல் திரும்பவும் காதுக்குள் வந்து விழுந்தது.

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும்போல் இருந்தது ஸ்ரவந்திக்கு. "இந்த நோய் இப்படித்தான். பழசெல்லாம் இப்ப நடக்கற மாதிரி தோணும். மகன் வெளியூர்லயா? ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போனா அடங்கிடுவாங்க."

"அவன் இல்லம்மா. மானேரு ஆத்துல குளிக்கப் போனான். ஏழு வயசு அப்ப."

அவள் கை மௌஸின் மேலேயே நின்றுவிட்டது.

"நானும் நோய்னுதான் நெனச்சேன்" என்றார் ஓதேலு. "நேத்து பக்கத்து வீட்டம்மா சொல்றா. அவன் போனதுலேர்ந்தே இவ தெனம் விளக்கு வெக்கற நேரத்துக்கு வாசல்ல நின்னு கூப்பிடுவாளாம். இத்தன வருஷமா. தெருவுக்கே தெரியுமாம்."

ஜன்னலில் நர்சவ்வா இன்னும் நின்றிருந்தாள்.

"எனக்கு அவ முதுகுதானே தெரியும். காத்தாட நிக்கறா போலன்னு நெனச்சுக்கிட்டு, நான் உள்ள உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்திருக்கேன்."